நாலாவது கிண்ணம்

பிரிஞ்சிக் கிளை: அத்தியாயம் 14

எலாதியோ காரின் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். டோரிந்தா அதைப் பார்க்காதவள் மாதிரி பின் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

"முன்னாடி உக்காரு டோரிந்தா. கடல் நல்லாத் தெரியும்."

"நாப்பது வருஷமா முட்டளவு தண்ணியில நின்னு கடலைத்தான் பாத்துட்டிருக்கேன். மோன்ச்சா உக்காரட்டும். எனக்கு இடுப்பு வலி. பின்னாடின்னா காலை நீட்டிக்கலாம்."

இடுப்பு வலிக்கவில்லை. பின்னால் உட்கார்ந்தால் புருஷன், தங்கை இரண்டு பேர் பிடரியும் தெரியும். நடுவில் தொங்கும் கண்ணாடியில் எலாதியோவின் கண்களும் தெரியும். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட எங்கும் கூட்டிக்கொண்டு போகாத மனிதர், "கடலோரமா ஒரு சுத்து சுத்திட்டு, சாயங்காலம் ரெண்டு இடத்துல ஒயின் குடிச்சிட்டு வருவோம்" என்றால் அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு வருவதுதான் புத்தி.

போன வாரம் படித்தவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கும். இன்றைக்குத்தான் வந்து உட்கார்ந்தவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், அதிகமில்லை.

கம்பாதோஸ் ஊரில் டோரிந்தாவின் வீட்டுக்குப் பின்னால் கல்தூண் நட்ட ஒரு திராட்சைப் பந்தல் இருக்கிறது. அவள் அம்மா வைத்த பந்தல். வருஷத்துக்கு ஒரே ஒரு பீப்பாய் ஒயின், அதற்குமேல் ஒரு சொட்டு தராது. போன செப்டம்பரில் இடுப்பு எலும்புக்கு அறுவை செய்து டோரிந்தா மருத்துவமனையில் கிடந்தாள். பிறந்ததிலிருந்து அவள் இல்லாமல் நடந்த அறுவடை அது ஒன்றுதான். எலாதியோ தனியாகப் பறித்து, தனியாகப் பிழிந்தார். நவம்பரில், "புளிச்சுக் காடியாப் போச்சு, சாக்கடையில ஊத்திட்டேன்" என்றார். டோரிந்தா நம்பினாள். ஆனால் சாக்கடையோரம் புளித்த வாடை இல்லை. ஒரு புல்லும் கருகவில்லை.

போன ஞாயிறு காரின் டிக்கியில் முழங்கை நீளத்துக்கு ஒரு பச்சைப் பிரிஞ்சிக் கிளை கிடந்தது. "குழம்புக்கு" என்றார். அவர்கள் கொல்லையிலேயே கூரையைத் தாண்டி ஒரு பிரிஞ்சி மரம் நிற்கிறது.

எங்கள் பக்கம் அந்தக் கிளைக்கு இரண்டே வேலை. குழம்பில் கிடக்கும். இல்லையென்றால் வாசலில் தொங்கும். சொந்தப் பந்தலின் ஒயின் வீட்டுத் தேவைக்கு மேல் இருக்கிறது, வருகிறவர் வந்து குடிக்கலாம் என்று அர்த்தம். மூன்று மாதம் தொங்கும். பீப்பாய் காலியானால் இறங்கிவிடும்.

யார் வாசலுக்குப் போயிற்று அந்தக் கிளை? டோரிந்தா ஏழு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள்.

*

லன்சாதா கடற்கரையில் முதலில் நிறுத்தினார்கள். காற்று மணலை வாரி இறைத்தது. பாறைமேல் நிற்கும் சின்னக் கோயிலின் சுவரோரம் மறைப்பாக உட்கார்ந்து, டோரிந்தா காலையில் சுட்டுக்கொண்டு வந்த மட்டி வைத்த ரொட்டியைப் பிரித்தார்கள்.

மோன்ச்சா கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் கடித்தாள். "ஜெனீவாவுல இதை நினைச்சு நினைச்சு அழுதிருக்கேன்க்கா."

"அழுதவ திரும்பி வந்திருக்கலாமே. வழி தெரியலையா?"

"ஆரம்பிச்சிட்டியா?"

"நான் எங்க ஆரம்பிச்சேன். நீ கிளம்பிப் போனப்ப ஆரம்பிச்சது."

மோன்ச்சா இருபத்திரண்டு வயதில் போனவள். பந்தலில் திராட்சை பழுத்துத் தொங்கிய வாரம், அம்மா படுக்கையில் கிடந்த வாரம். ஜெனீவாவில் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் முப்பத்திநாலு வருஷம். ஊரிலேயே நின்றவளுக்கு வீடும் பந்தலும் என்று அம்மா எழுதிவைத்தாள். எங்கள் கடலோரத்தில் பெண்களுக்குத்தான் வீடு, அதுவும் கூட இருந்து பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கு. அது வழக்கம். ஆனால், போனவளுக்கு அந்தப் பந்தலிலிருந்து ஒரு வாய் ஒயின்கூடக் கிடையாது என்று டோரிந்தா சொன்னது வழக்கம் அல்ல. அது அவளுடையது. முப்பத்திநாலு வருஷமும் அப்படியே நின்றாள்.

இந்த ஈஸ்டருக்கு மோன்ச்சா வந்தாள். "கோடை முடியிற வரைக்கும்தான்" என்று எங்கோ ஒரு அறை வாடகைக்கு எடுத்திருப்பதாகச் சொன்னாள். எங்கே என்று டோரிந்தா கேட்கவில்லை. கேட்டால் அக்கறை என்று ஆகிவிடும்.

"இன்னொரு துண்டு குடுக்கா."

ரொட்டியை வாங்க நீண்ட கையை டோரிந்தா பார்த்தாள். நகக்கண்களில் நீலம்.

"என்னடி அது நகத்துல?"

மோன்ச்சா கையை மடக்கிக்கொண்டாள். "பெயின்ட். ரூமுல ஜன்னலுக்கு அடிச்சேன்."

"வாடகை ரூமுக்கு நீ எதுக்கு அடிக்கிற?"

"சும்மா உக்காந்திருக்க முடியல."

"அந்த ஊர்ல போய் நல்லாப் பழகியிருக்க. இங்க இருந்தவரைக்கும் சும்மாதான் உக்காந்திருந்த."

எலாதியோ இருமினார். டோரிந்தா திரும்பி அவர் கைகளைப் பார்த்தாள். மடியில் சாதுவாகக் கிடந்தன, நகமெல்லாம் வெள்ளை வெளேரென்று.

பெயின்ட் நீலமும் மயில்துத்த நீலமும் அவளுக்குத் தெரியாததா? வியாழக்கிழமை அவள் ஓதம் வற்றிய நேரம் பார்த்து மட்டி வாரப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது பந்தல் இலையெல்லாம் துத்தம் தெளித்து நீலம் பூத்திருந்தது. "ஒத்தையா நின்னு அடிச்சேன், தோள் கழண்டுடுச்சு" என்று சாய்ந்து கிடந்தார் எலாதியோ. தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டவளே அவள்தான்.

தோள் கழண்டவர் நகத்தில் நீலம் இல்லை. ஜன்னல் அடித்தவள் நகத்தில் இருக்கிறது.

டோரிந்தா ரொட்டித் துணியை நான்காக மடித்துப் பையில் வைத்தாள். ஊர் மட்டிச் சங்கத்தில் அளவு பார்க்கிறவள் அவள். வளையத்துக்குள் மட்டியைப் போட்டுப் பார்ப்பாள், நழுவி விழுந்தால் சின்னது, கடலுக்கே திரும்பிப் போகும். வளையத்தில் போடுமுன் யாரையும் திட்டுவதில்லை.

*

ஓ குரோவே மலைமேல் ஏறியபோது முழுக் கழிமுகமும் கீழே விரிந்து கிடந்தது. கல்லுமக்காய்ச் சிப்பி வளர்க்கும் மரமிதவைகள் வரிசை வரிசையாக நின்றன. எலாதியோ முப்பது வருஷம் வேலை பார்த்த மிதவை அதில் ஒன்று. வழக்கமாக இந்த இடத்துக்கு யார் வந்தாலும் விரல் நீட்டி அதைக் காட்டாமல் விடமாட்டார். இன்று காட்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

டோரிந்தா கழிப்பறைக்குப் போய் வந்தாள். ரப்பர் அடி வைத்த செருப்பு, சத்தம் வராது. இரண்டு பேரும் கம்பித் தடுப்பைப் பிடித்தபடி தோளோடு தோள் நின்றிருந்தார்கள்.

"இங்கேயே சொல்லிடுங்க அத்தான். எனக்கு நெஞ்சு அடிச்சுக்குது."

"அவசரப்படாத. முதல்ல அவ குடிக்கட்டும். அப்புறம் சொல்லலாம்."

டோரிந்தா அப்படியே இரண்டடி பின்னால் நகர்ந்து, வேண்டுமென்றே சரளைக்கல்லை மிதித்துக்கொண்டு வந்தாள். தோள்கள் விலகின.

"என்ன, மிதவையை எண்ணிப் பாத்தீங்களா? குறையுதா?"

"காத்து ஜாஸ்தியா இருக்குன்னு பேசிட்டிருந்தோம்" என்றார் எலாதியோ.

"ஆமா. காத்துல பேச்சு எங்கெங்கேயோ போகும்."

மறுபடி பின் இருக்கை. கண்ணாடியில் அவர் கண்கள் ஒருமுறை அவளைச் சந்தித்து, நழுவிப் போயின.

அவளுக்கு ஒரு பழைய திருவிழா ஞாபகம் வந்தது. எலாதியோ அன்று முதலில் ஆடக் கூப்பிட்டது மோன்ச்சாவைத்தான். மூன்றாவது பாட்டுக்குத்தான் அக்காவிடம் வந்தார். இதை வைத்து டோரிந்தா எத்தனையோ தடவை அவரைக் கிண்டல் செய்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அது கிண்டலாகத் தோன்றவில்லை. பிள்ளைகள் கிடையாது. அம்மா போயாச்சு. உலகத்தில் அவளுக்கு இருப்பது இந்த இரண்டு பிடரிகள்தான். இரண்டும் சேர்ந்து எதையோ மறைக்கின்றன.

*

முதல் ஒயின் கூடம் பெரியது. எவர்சில்வர் தொட்டிகள் ஆள் உயரத்துக்கு மூன்று மடங்கு. வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சின்னப்பெண் கோப்பையைச் சுழற்றிக் காட்டினாள். கூடவே நாலைந்து வெளிநாட்டுக்காரர்களும் சுழற்றினார்கள்.

"மூக்கை உள்ள விட்டுப் பாருங்க. பச்சை ஆப்பிள் வரும். எலுமிச்சைப் பூ. கடைசியில கொஞ்சம் கடல் உப்பு."

"உப்பு எப்படி வந்துச்சாம்?" என்றாள் டோரிந்தா. "பாத்திரம் சரியாக் கழுவலையா?"

மோன்ச்சா வாயிலிருந்ததைச் சிந்திவிட்டுச் சிரித்தாள். டோரிந்தாவுக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டாள். இவளோடு சேர்ந்து சிரிக்கிற நாள் இல்லை இது.

வெள்ளைச் சட்டைப்பெண் பொறுமைசாலி. "கடல் பக்கத்துல இருக்குல்ல அம்மா, அதனால."

"எனக்கும்தான் கடல் பக்கத்துல இருக்கு. என்னை மோந்து பாத்தா ஆப்பிளா வருது?"

எலாதியோ குடிக்கவில்லை. வண்டி ஓட்ட வேண்டும் என்றார். ஒரு கோப்பைக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தார். "போதும், வா போலாம். அடுத்தது நல்ல இடம். சின்ன இடம்."

"உனக்கு எப்படித் தெரியும் நல்ல இடம்னு?"

"யாரோ சொன்னாங்க. ஒரே ஒரு தடவை போயிருக்கேன்."

மெயான்யோ மலைக்குப் போகும் பாதை மூன்று இடத்தில் பிரிகிறது. ஒன்றிலும் பெயர்ப்பலகை இல்லை. மூன்றிலும் எலாதியோ வேகம் குறைக்காமல் திரும்பினார். கடைசித் திருப்பத்துக்குப் பின் ஒரு கல்வீடு, பச்சைக் கதவு. கதவுக்கு மேலே ஆணியில் முழங்கை நீளப் பிரிஞ்சிக் கிளை. இலை வாடத் தொடங்கியிருந்தது, சரியாக ஒரு வாரக் கிளை.

ஒரு பழுப்பு நாய் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பாய்ந்து வந்தது. டோரிந்தாவைப் பார்த்துக் குரைத்தது. மோன்ச்சாவைப் பார்த்து வாலை லேசாக ஆட்டியது. எலாதியோ இறங்கியதும் மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

"ஒரே ஒரு தடவை" என்றாள் டோரிந்தா.

"நாய்ங்களுக்கு என்னைப் பிடிக்கும்."

"எல்லாருக்கும் உன்னைப் பிடிக்குது. எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது."

*

உள்ளே நான்கே மேஜைகள். ஒன்றில் மூன்று கிழவர்கள் ஊற்றித் தர ஆளில்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். மோன்ச்சா யாரையும் கேட்காமல் உள்ளே போனாள், ஒரு கூஜாவும் மூன்று வெள்ளைப் பீங்கான் கிண்ணங்களும் எடுத்துக்கொண்டு வந்தாள். எந்த அலமாரியில் கிண்ணம் இருக்கும் என்று தேடவில்லை. டோரிந்தா அதையும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

மோன்ச்சா அக்காவின் கிண்ணத்தில் முதலில் ஊற்றினாள்.

டோரிந்தா கிண்ணத்தை எடுத்தாள். இரண்டு பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். முதலில் அவ குடிக்கட்டும்.

குடித்தாள்.

முதலில் குளிர்ச்சி. அப்புறம் பழுத்த பழத்தின் இனிப்பு. அப்புறம், விழுங்கி மூன்று நொடி கழித்து, அடிநாக்கில் எலுமிச்சைத் தோலைக் கடித்தது மாதிரி ஒரு மெல்லிய கசப்பு.

அவள் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. இன்னொரு வாய் குடித்துப் பார்த்தாள்.

பந்தலின் வடக்கு மூலையில் ஒரு கொடி இருக்கிறது. மற்றவை எல்லாம் ஒரே ஜாதி, அது வேறு. எங்கிருந்து வந்ததென்று யாருக்கும் தெரியாது. பிடுங்கிப் போடு என்று ஊரே சொல்லியும் அம்மா பிடுங்கவில்லை. ஒரு கூடைப் பழம்தான் தரும். அந்த ஒரு கூடை முழுப் பீப்பாயிலும் தன் கசப்பை விட்டுவிட்டுப் போகும். கடற்பாசி உரம், வடக்கு மூலைக் கொடி, அம்மாவின் பீப்பாய். இந்த மூன்றும் சேருகிற இடம் பூமியில் ஒன்றுதான்.

"சாக்கடை இங்க வந்து சேருதா எலாதியோ?" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

எலாதியோ தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "காடியாகல."

"தெரியுது."

"நான் சொல்றேன்க்கா" என்று மோன்ச்சா குறுக்கே வந்தாள். "நான் திரும்பிப் போகப் போறதில்ல. ஜெனீவா முடிஞ்சு போச்சு. இந்த வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கேன், ஈஸ்டர்லேருந்து. பத்து வருஷமா பூட்டிக் கிடந்த வீடு. அத்தானும் நானும் ரெண்டு நாள் கூட்டினோம். இங்க ஒருத்தரும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கிறாங்க, ஜெனீவாக்காரிங்கிறாங்க. வாசல்ல கிளை தொங்கினா நாலு பேர் வருவாங்க, உக்காருவாங்க. நானும் இந்த ஊர்க்காரின்னு ஆகும். அதுக்குத்தான்."

"கிளை தொங்க ஒயின் வேணும்."

"வேணும்."

"என்கிட்ட கேக்கணும்."

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல."

டோரிந்தா கணவரிடம் திரும்பினாள். "நீ?"

"முப்பத்திநாலு வருஷமா ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் போன்ல கேப்பா, ஒரு வாய் அனுப்புங்க அத்தான்னு. மனசு கேக்கல."

"ஒரு வாய் கேட்டவளுக்கு ஒரு பீப்பாய். நல்ல மனசு. ஈஸ்டர் வரைக்கும் எங்க வெச்சிருந்த?"

"படகுக் கொட்டகையில. வலைக்கு அடியில."

"வியாழக்கிழமை பந்தல்ல மருந்து அடிச்சது யாரு?"

மோன்ச்சா நகங்களை மேஜைக்கு அடியில் கொண்டுபோனாள். பிறகு என்ன நினைத்தாளோ, மேலே எடுத்து விரித்து வைத்தாள். "நான்தான். வடக்கு மூலைக் கொடியை முதல்ல அடிச்சேன். அம்மா அதைத்தான் முதல்ல அடிப்பா."

டோரிந்தா பயந்தது இது அல்ல. மலைமேல் நின்றதிலிருந்து நெஞ்சில் கிடந்த ஒரு கல் புரண்டு இறங்கியது. அந்த இடத்தில் வேறொன்று ஏறி உட்கார்ந்தது. நடனம் போனால் போகட்டும், திருவிழாவோடு முடிந்த விஷயம். ஒயின்? அம்மாவுக்குப் படுக்கை மாற்றியது யார், கொடிக்குப் பாசி சுமந்தது யார், அந்த ஒரு பீப்பாய்க்காகத் தன் இருபது வயதையும் முப்பது வயதையும் இந்த ஊரிலேயே வைத்துக்கொண்டது யார். அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். அதைச் சாக்கடையில் ஊற்றினேன் என்று சொல்லி அவளை அழவும் விட்டார்கள்.

சீட்டு மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். செல்சோ. கீழ்த்தெருவில் அவர் வீட்டிலும் கிளை தொங்குகிறது. நாய் அவருடையது.

"நீ கம்பாதோஸ் டோரிந்தாதானே? மட்டிச் சங்கத்துல அளவு பாக்குறவ."

"ஆமா."

"என் மச்சினி மட்டியை மூணு தடவை கடல்ல கொட்ட வெச்சிருக்க."

"சின்னதா இருந்திருக்கும்."

"இருந்துச்சு, இருந்துச்சு. அதனாலதான் உன்கிட்ட கேக்கறேன்." செல்சோ கூஜாவைக் காட்டினார். சீட்டாட்டம் நின்றுவிட்டது. "சொந்தப் பந்தல் ஒயினா இருந்தாத்தான் கிளை கட்டலாம். இந்த வீட்டுல பந்தலே இல்ல, நான் பொறந்ததுலேருந்து பாக்கறேன். ஜெனீவாக்காரி வந்தா, கிளை வந்துச்சு. எங்கேயோ வாங்கி ஊத்தறான்னு ஊராட்சியில எழுதிக் குடுக்கலாம்னு இருக்கோம். வெள்ளிக்கிழமை ஆள் வந்து கிளையை இறக்கிடுவாங்க. நீ பொய் சொல்லமாட்டேன்னு சொல்றாங்க. நீயே சொல்லு, இது யார் ஒயின்?"

மோன்ச்சா கண்ணை மூடிக்கொண்டாள். எலாதியோ தொப்பியின் விளிம்பைத் திருகினார்.

ஒரு வார்த்தை போதும். 'என்னுடையது' என்றால் முடிந்தது. உண்மையும்கூட. கிளை இறங்கும், தங்கச்சி மறுபடி ரயிலேறுவாள், எல்லாம் பழையபடி ஆகும்.

டோரிந்தா கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்தாள். அந்தக் கசப்பு வரும்வரை காத்திருந்தாள். வந்தது.

"எங்கம்மா பந்தல் ஒயின்" என்றாள். "இவ அதுக்குப் போன வியாழக்கிழமை மருந்து அடிச்சா. நகத்தைப் பாத்துக்கங்க."

செல்சோ குனிந்து மோன்ச்சாவின் நகங்களைப் பார்த்தார். கொடி வளர்க்கிறவர், அந்த நீலத்துக்கு அவரிடம் விளக்கம் வேண்டியதில்லை. "அப்ப சரி" என்றார், கொஞ்சம் ஏமாற்றமாக. "எனக்கும் ஒரு கிண்ணம் ஊத்தச் சொல்லு."

மோன்ச்சா அக்காவின் கையைப் பிடிக்க வந்தாள். டோரிந்தா கையை இழுத்துக்கொண்டு கூஜாவை எடுத்தாள். "உன்னை மன்னிச்சேன்னு நினைச்சுக்காத. செல்சோகிட்ட பொய் சொல்லல, அவ்வளவுதான். பீப்பாய் எங்க இருக்கு? என் பீப்பாயை நான் பாக்கணும்."

"உள்ள, பின்கட்டுல. நான் எடுத்துட்டு வரேனே" என்று எலாதியோ எழுந்தார், கொஞ்சம் வேகமாக.

"உக்காரு."

*

பின்கட்டில் ஒரு சின்ன ஜன்னல். ஜூன் மாதத்து மாலை வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. அம்மாவின் பீப்பாய் மரக்கட்டைமேல் படுத்திருந்தது, வயிற்றில் சூடுபோட்ட பழைய முத்திரையோடு. டோரிந்தா அதன்மேல் கையை வைத்தாள். கூஜாவைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறந்துவிட்டாள்.

நிறையும்வரை பார்க்க வேறொன்றும் இல்லாததால் மூலையைப் பார்த்தாள்.

மூலையில் சாக்கு போர்த்திய இன்னொரு உருவம்.

குழாயை மூடினாள். சாக்கைத் தூக்கினாள். இரண்டாவது பீப்பாய். தன்னுடையதல்ல. விரல் முட்டியால் தட்டினாள், பாதிக்கு மேல் நிறைந்திருந்த சத்தம்.

நவம்பரில், செயின்ட் மார்ட்டின் நாளில், பீப்பாயைத் திறக்கும்போது முகப்பில் சுண்ணாம்புக் கட்டியால் வருஷத்தை எழுதுவோம். அடுத்த வருஷம் அதைக் குறுக்கே அடித்து, கீழே புதிதாக எழுதுவோம். இந்தப் பீப்பாயின் முகப்பில் நான்கு வருஷங்கள் இருந்தன. மூன்று அடிக்கப்பட்டு, நான்காவது அடிக்கப்படாமல். முதல் மூன்றும் எலாதியோவின் கை. தூண்டில் முள் மாதிரி வளைகிற அந்த '2' எண்ணை அவள் எங்கே பார்த்தாலும் அறிவாள்.

நான்காவது, போன இலையுதிர் காலத்தினுடையது, வேறு கை. உருண்டையான, இடப்பக்கம் சாய்ந்த எழுத்து. மோன்ச்சாவின் கை அல்ல. முப்பத்திநாலு வருஷத்துத் தபால் அட்டைகள் டோரிந்தாவின் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன, பதில் போடவில்லையே தவிர எல்லாவற்றையும் படித்திருக்கிறாள். தவிர, போன இலையுதிர் காலத்தில் மோன்ச்சா ஜெனீவாவில் இருந்தாள்.

பீப்பாயைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள். அடியில் தரைக்கல்லில் வட்டமாகக் கறுத்த ஈரத்தடம். ஈஸ்டரிலிருந்து வருகிற தடமல்ல, வருஷக்கணக்கில் ஊறியது.

பத்து வருஷமாகப் பூட்டிக் கிடந்த வீடு.

அலமாரியில் இன்னொரு கிண்ணம் இருந்தது. அதை எடுத்து இரண்டாவது பீப்பாயின் குழாயைத் திறந்தாள். நாக்கில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். நல்ல ஒயின். யாரோ கவனமாகச் செய்த ஒயின். அவளுக்குத் தெரியாத ஒயின்.

ஒரு கையில் கூஜாவும் ஒரு கையில் கிண்ணமுமாகத் திரும்பி வந்தாள். தன் காலிக் கிண்ணத்தில் செல்சோவுக்கு ஊற்றினாள், மோன்ச்சாவுக்கு ஊற்றினாள், எலாதியோவுக்கு விளிம்புவரை ஊற்றினாள். அவர் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"எலாதியோ. இந்த வீட்டை எப்பத் திறந்தீங்கன்னு சொன்னீங்க?"

"ஈஸ்டருக்கு. அதான் மோன்ச்சா சொன்னாளே."

"அதுக்கு முன்னாடி?"

"பூட்டிக் கிடந்துச்சு."

நாலாவது கிண்ணத்தை, யாரும் உட்காராத நாற்காலிக்கு முன்னால், மேஜையில் வைத்தாள். சத்தமே வராமல் வைத்தாள்.

"சாக்குக்கு அடியில இருக்கிறதுலேருந்து எடுத்தேன். நாலு வருஷம் எழுதியிருக்கு. மூணு உன் கை. இது யாருக்கு ஊத்தின கிண்ணம், நீயே சொல்லு."

எலாதியோ கிண்ணத்தைப் பார்க்காமல் தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

டோரிந்தா தங்கையின் முகத்துக்குத் திரும்பினாள். காலையிலிருந்து அந்த முகத்தில் பார்த்த கள்ளத்தனத்தை எதிர்பார்த்துத்தான் திரும்பினாள். அது அங்கே இல்லை. மோன்ச்சா கிண்ணத்தை ஒருமுறையும் எலாதியோவை ஒருமுறையும் பார்த்தாள்.

"அது வீட்டு ஓனரோட பழைய காடின்னு சொன்னீங்களே அத்தான்" என்றாள் மெதுவாக. "தொடாதன்னு சொன்னீங்க."

நகரும்படி யாரும் சொல்லவில்லை. மோன்ச்சா தன் நாற்காலியைத் தூக்கி, அக்காவின் பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். காரில் கிளம்பியதிலிருந்து முதல் தடவையாக இரண்டு சகோதரிகளும் ஒரே பக்கமிருந்து ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

எதிரே எலாதியோ. அவருக்கு முன்னால் விளிம்புவரை நிறைந்த கிண்ணம். அவர் அதைத் தொடவில்லை. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அந்தப் பழுப்பு நாய் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டு, யாரையோ வரவேற்கப் படி இறங்கிக்கொண்டிருந்தது.